இரண்டு தடவை திரும்பி வந்த எல்லையை மூன்றாம் தடவை கடந்தேன்: ‘ஈ-சேஃப்’ விண்ணப்பத் தளம் பற்றிய மதிப்புரை

அமெரிக்க எல்லையிலிருந்து இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்ட நான், 2023 இல் ‘ஈ-சேஃப்’ என்ற அமெரிக்க அரசாங்க இணையத்தளத்தின் ஊடாக நுழைவு விலக்குக்கு (தடை இருந்தும் உள்ளே வரவிடும் சிறப்பு அனுமதிக்கு) விண்ணப்பித்து, அனுமதி பெற்று, அந்த ஆண்டு முடிவதற்குள் நயாகரா ஆற்றைக் கடந்து நியூ ஜேர்சியில் இருக்கும் அக்காவின் வீட்டுக்குப் போய்வந்தேன். அந்தத் தளத்தைப் பற்றியும், அதற்கு முன்னரும் இடையிலும் நான் பணம் கொடுத்துப் பெற்ற இரண்டு உதவிகளைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். ரொறன்ரோவில் நம்மவர்கள் இந்த விடயத்தை வாய்விட்டுப் பேசுவதில்லை. பழைய வழக்கொன்று இருக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டு, கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ‘லீவு கிடைக்கவில்லை’ என்று சாட்டுச் சொல்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். நானும் ஐந்து வருடம் அப்படித்தான் சொன்னேன். அவர்களில் ஒருவராவது வீணாகப் பணத்தை இழக்காமலும், அதைவிட முக்கியமாக வீணாக எல்லைக்குப் போய் நிற்காமலும் இருக்க வேண்டும் என்பதற்காக, என் வழக்கு விவரத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் அகதியாகக் கனடாவுக்கு வந்த ஆரம்ப காலத்தில், 1995 இலும் 1996 இலும், வேலை செய்த இடங்களில் பணம் எடுத்ததற்காக இரண்டு தடவை நீதிமன்றத்தில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டேன். முதல் தடவை தண்டப்பணம். இரண்டாம் தடவை தண்டப்பணத்தோடு ஒரு வருட நன்னடத்தைக் காலம். சிறைக்குப் போகவில்லை. அதன்பிறகு இன்றுவரை எந்த வழக்கும் இல்லை. குடியுரிமை பெற்ற பின்னர் பல தடவை காரில் அமெரிக்காவுக்குப் போய்வந்திருக்கிறேன். கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு எங்கே போகிறீர்கள் என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள். கைது செய்யப்பட்டதுண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பழைய கதை முடிந்துவிட்டது என்றே நம்பியிருந்தேன்.

2018 ஆவணியில் அக்காவின் மூத்த மகனுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் எனக்குச் சில கடமைகள் இருந்தன. மனைவி, பிள்ளைகளோடு, கூறைச்சேலையும் பலகாரமும் ஏற்றிய காரில் நயாகராவின் பாலங்களில் ஒன்றுக்குப் போனோம். சாவடியில் இருந்த அதிகாரி கடவுச்சீட்டைக் கணினியில் வைத்துப் பார்த்துவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தி உள்ளே வரச் சொன்னார். உள்ளே பத்து விரல்களின் ரேகையும் எடுத்தார்கள். எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்று கேட்டபோது ஆம் என்றேன். அன்றைக்கு நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அந்த ஒரு சொல்தான் என்பது பின்னர்தான் எனக்கு விளங்கியது. திருட்டு என்பது அவர்களுடைய குடிவரவுச் சட்டத்தில் ஒழுக்கக்கேடான குற்றம் என்ற வகைக்குள் வருகிறது என்றும், கனடாவில் எவ்வளவு காலம் கழிந்திருந்தாலும் அந்தத் தடை தானாக நீங்காது என்றும் அதிகாரி பொறுமையாகவே விளக்கினார். நுழைவுக் கோரிக்கையை நானாகவே மீளப்பெற்றுக்கொள்ள இடம் தந்தார், கையெழுத்திட்டேன். மனைவியும் பிள்ளைகளும் போகலாம் என்றார்கள். அவர்கள் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. மூன்று மணிநேரத்துக்குப் பிறகு காரைத் திருப்பிக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அக்கா தொலைபேசியில் எடுத்து, “தம்பி, எங்க நிக்கிறாய்?” என்று கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்பது இப்போதும் நினைவில்லை.

என் கையில் தந்த தாளின் மூலையில் ‘ஐ-275’ என்று இருந்தது. அந்த இலக்கம்தான் என்னுடைய அடுத்த ஐந்து வருடத்தின் திறவுகோல் என்பதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் இந்த மதிப்புரையின் பாதியை எழுதவேண்டி வந்திராது.

இனி முதல் உதவியைச் சொல்கிறேன். பெயரைக் குறிப்பிட விரும்பாத ஒரு குடிவரவு முகவரிடம் போனேன். அவர் அந்தத் தாளைக் கேட்கவே இல்லை. கனடாவில் ‘பார்டன்’ எடுத்துவிட்டால் பழைய பதிவு அழிந்துவிடும், பிறகு தாராளமாகப் போகலாம் என்றார். பார்டன் என்று நாம் இன்னும் சொல்வது, சட்டப்படி இப்போது குற்றப்பதிவு இடைநிறுத்தம் எனப்படுகிறது. அதற்கு அரசாங்கக் கட்டணத்தைவிடப் பல மடங்கு பணத்தை அவரிடம் கொடுத்தேன். (அந்த அரசாங்கக் கட்டணமும் அப்போது 600 டொலருக்கு மேல் இருந்தது, 2022 ஜனவரியிலிருந்து வெறும் 50 டொலர். எனவே அதற்காக இன்றைக்கு ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் எதற்கு என்று கேளுங்கள்.) இடைநிறுத்தம் கிடைத்தது. அந்தக் கடிதத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வேலைக்கும் தொண்டூழியத்துக்கும் அது கனடாவில் உண்மையாகவே உதவும். ஆனால் கனடா கொடுக்கும் மன்னிப்பை அமெரிக்கச் சட்டம் ஏற்பதில்லை. அவர்கள் ஒரு தடவை நம்முடைய பதிவைப் பார்த்துத் தங்களுடைய கணினியில் ஏற்றிவிட்டால், இங்கே அதை மூடி வைப்பதால் அங்கே ஒன்றும் மறைவதில்லை.

இதை நான் அறிந்துகொண்ட இடமும் எல்லைதான். பெருந்தொற்றுக்காக 2020 மார்ச்சில் மூடப்பட்ட தரைவழி எல்லையை, தடுப்பூசி போட்டுக்கொண்ட கனடியர்களுக்கு அமெரிக்கா 2021 நவம்பரில்தான் திறந்தது. அடுத்த கோடையில் இடைநிறுத்தக் கடிதத்தை ஓர் உறையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, மனைவியை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் தடவை போன பாலத்தைத் தவிர்த்து வேறொரு பாலத்துக்குப் போகும்படி முகவர் சொல்லியிருந்தார். எந்தப் பாலத்துக்குப் போனாலும் ஒரே கணினிதான். கடவுச்சீட்டை வைத்த கணத்திலேயே 2018 இல் நடந்தது முழுவதும் திரையில் வந்துவிட்டது என்பது அதிகாரியின் முகத்தில் தெரிந்தது. கடிதத்தை நீட்டினேன், படித்துவிட்டு, இது கனடாவுக்கு, எங்களுக்கு அல்ல என்று திருப்பித் தந்தார். நுழைவு விலக்கு இல்லாமல் இனி வரவேண்டாம் என்றும், திரும்பத் திரும்ப வந்து நிற்பது நல்லதல்ல என்றும் எச்சரித்தார். இரண்டாவது ‘ஐ-275’ கையில் வந்தது. பாலத்தை மாற்றிப் போ, இரவில் போ, பேருந்தில் போ என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து கேளாதீர்கள். 2019 இலிருந்து தரைவழி எல்லையைக் கடக்கும் எல்லாருடைய போக்குவரத்து விவரத்தையும் இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்கின்றன.

அதைவிடப் பெரிய சேதம் ஒன்றையும் அந்த முகவர் செய்திருந்தார். பதிவை மூடியபிறகு, ஆர்.சி.எம்.பி. எனப்படும் கனடாவின் கூட்டாட்சிப் பொலிஸ் தரும் கைரேகைச் சான்றிதழில் எனக்குக் குற்றப்பதிவு எதுவுமில்லை என்றே வரும். அமெரிக்க விண்ணப்பத்துக்கோ, ஒவ்வொரு வழக்கிலும் என்ன குற்றச்சாட்டு, என்ன தீர்ப்பு, என்ன தண்டனை என்பதைக் காட்டும் நீதிமன்ற ஆவணம் வேண்டும். அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு பதிவை மூடியிருந்தால் வேலை இலகு. நான் தலைகீழாகச் செய்துவிட்டேன். பார்டன் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அமெரிக்காவுக்குப் போகும் எண்ணம் துளியளவு இருந்தாலும், முதலில் நீதிமன்றத்துக்குப் போய் முத்திரையிட்ட பிரதிகளை எடுத்து வைத்துவிட்டு, பிறகு மிச்சத்தைப் பாருங்கள்.

இரண்டாவது உதவி, அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் பணியாற்றும் ஒரு சட்டத்தரணியோடு காணொளியில் பேசிய ஒரு மணிநேரம். அவர் கேட்ட முதல் கேள்வியே, எல்லையில் உங்களுக்குத் தந்த தாளைக் காட்டுங்கள் என்பதுதான். அந்த மணிநேரத்தில் அவர் விளக்கியதை என் சொற்களில் எழுதுகிறேன், ஏனென்றால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை என்பதை நம்மில் பலர் அறியமாட்டார்கள்.

என்னிடம் இருந்ததைப்போல ‘ஐ-275’ இருந்தால், நாம் நுழைவுக் கோரிக்கையை மீளப்பெற்றுக்கொண்டோம் என்று மட்டுமே பொருள். அந்தத் தாளினால் கால வரையறையுள்ள தடை எதுவும் வருவதில்லை. தடை இருந்தால் அது அடிப்படைக் காரணத்தில்தான் இருக்கிறது. சிலருக்கு அடிப்படைக் காரணமே குற்றம் அல்ல. கனடாவில் நிலையான வேலையோ வீடோ இருப்பதைக் காட்டத் தவறியதால், அங்கேயே தங்கிவிடுவார்களோ என்ற ஐயத்தில் திருப்பியிருப்பார்கள். அவர்களுக்கு நுழைவு விலக்கு தேவையே இல்லை. வேலைக் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது அடமானப் பத்திரம், வரிக் கணக்கு, திரும்பி வரும் நாளைக் காட்டும் ஆதாரம் ஆகியவற்றோடு, நிலைமை மாறியிருக்கிறது என்று காட்டக்கூடிய ஒரு நாளில் மீண்டும் போனால் போதும். இத்தகையவர்களிடமும் விலக்கு விண்ணப்பத்துக்கென்று பணம் வாங்கும் முகவர்கள் இருக்கிறார்கள் என்பது என் மனதை மிகவும் வருத்துகிறது.

‘ஐ-860’ என்ற தாள் தரப்பட்டிருந்தால் கதை வேறு. அது விரைவு வெளியேற்றக் கட்டளை. பொதுவாக ஐந்து வருடத் தடையைக் கொண்டுவரும், அதற்குள் திரும்பிப் போக வேண்டுமானால் தனியாக இன்னொரு அனுமதி கேட்க வேண்டும். எல்லா நிலைகளிலும் மோசமானது பொய் சொன்னது என்று பதிவாகிவிடுவது. அதிகாரியிடம் பொய் சொன்னதாகவோ பொய்யான ஆவணம் காட்டியதாகவோ தீர்மானித்துவிட்டால், அந்தத் தடைக்குக் கால எல்லையே இல்லை. 2018 இல் நான் சொன்ன ‘ஆம்’ என்னை இதிலிருந்துதான் காப்பாற்றியது. இளைஞர்களுக்கு இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். கனடாவில் 2018 ஒக்டோபரிலிருந்து கஞ்சா சட்டபூர்வமானது என்றாலும், அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் அது இன்னும் குற்றம். இங்கே சட்டப்படி செய்த ஒன்றை அங்கே சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தடையோடு திரும்பி வருவதற்கு இடமிருக்கிறது. இதற்காகப் பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. விடயம் தெரியாமல் போய் நிற்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

என்னுடைய நண்பர் ஒருவருக்கும் ஒரு பழைய திருட்டு வழக்கு இருந்தது, அவருக்கு விலக்கு தேவைப்படவில்லை என்பதைச் சட்டத்தரணியிடம் சொல்லிக் காரணம் கேட்டேன். குற்றம் ஒன்றே ஒன்றாக இருந்து, அதற்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சத் தண்டனை ஒரு வருடத்துக்கு மேற்படாமலும், விதிக்கப்பட்ட தண்டனை ஆறு மாதத்துக்கு மேற்படாமலும் இருந்தால் சிறு குற்றத்துக்கான விதிவிலக்கு ஒன்று உண்டாம். அப்படியானவர்களுக்கு, விலக்கு தேவையில்லை என்று அமெரிக்க எல்லைப் பிரிவே ஒரு கடிதம் கொடுப்பதுண்டு. அதை இங்கே ‘செப்டெம்பர் கடிதம்’ என்று சொல்கிறார்கள். எனக்கு இரண்டு வழக்கு என்பதால் அந்த வாசல் மூடியிருந்தது. ஒரு மணிநேரத்துக்கு 350 டொலர் கொடுத்தேன். முகவருக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால், இந்த முழுப் பயணத்திலும் நான் செலவழித்ததில் மிகவும் பெறுமதியான பணம் இதுதான். முழு விண்ணப்பத்தையும் தானே செய்து தருவதாக அவர் சொல்லவில்லை. உங்களுடைய வழக்கு சிக்கலானதல்ல, நீங்களே செய்யலாம் என்றார்.

இனித் தளத்துக்கு வருகிறேன். அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புப் பிரிவு 2019 ஜூலையில் ‘ஈ-சேஃப்’ தளத்தைத் தொடங்கியது. அதற்கு முன்னர், ‘ஐ-192’ என்ற படிவத்தையும் கட்டுக்கட்டான தாள்களையும் தூக்கிக்கொண்டு எல்லை அலுவலகத்துக்கு நேரே போய்க் கொடுக்க வேண்டும். இப்போது அதே படிவத்தை வீட்டிலிருந்து நிரப்பலாம், ஆவணங்களை ஏற்றலாம், கட்டணத்தைச் செலுத்தலாம், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பார்க்கலாம். தளம் தமிழில் இல்லை. ஆனால் கேள்விகள் நேரானவை. என்னைப்போல் பதினோராம் வகுப்போடு நாட்டைவிட்டு வந்தவரும், பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்தால், நிரப்பிவிடலாம். நான் விண்ணப்பித்தபோது கட்டணம் 585 அமெரிக்க டொலர். 2024 ஏப்ரலிலிருந்து அது 1,100 டொலர் ஆகிவிட்டது. மறுத்தாலும் பணம் திரும்பாது. ஒரு குடும்பத்தின் மாதச் சாப்பாட்டுச் செலவை விழுங்கிவிடக்கூடிய இந்தத் தொகை என் பார்வையில் மிக அதிகம். மதிப்பெண்ணில் நான் குறைத்ததற்கு முதல் காரணமும் இதுதான்.

இந்தத் தளம் யாருக்கு உரியது என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் செல்லக்கூடிய கனடியக் குடியுரிமையாளர்களுக்கும் அவர்களைப்போன்ற மிகச் சில நாட்டவர்க்கும் மட்டுமே இது. கனடாவில் நிரந்தர வதிவுரிமை பெற்று இன்னும் இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இதில் விண்ணப்பிக்க முடியாது. அவர்கள் துணைத்தூதரகத்தில் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், விலக்கு தேவையானால் அது அந்த வழியாகவே பரிந்துரைக்கப்படும். எங்களில் இன்னொரு பிரிவினரும் இருக்கிறார்கள். விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997 இல் பயங்கரவாத இயக்கமாகப் பட்டியலிட்டது. இயக்கத்தோடு இருந்த தொடர்பை, சில வேளைகளில் கட்டாயத்தின்பேரில் கொடுத்த பணத்தையோ சாப்பாட்டுப் பார்சலையோ கூட, காரணமாகக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஒரு மணிநேர ஆலோசனையோடு தாங்களாக விண்ணப்பிக்கவே கூடாது. அது முழுமையான சட்ட உதவி வேண்டிய விடயம். என்னுடைய அனுபவத்தை அதற்கு அளவுகோலாகக் கொள்ளாதீர்கள்.

படிவத்தில் எனக்கு நேரம் எடுத்தது பெயர்தான். நமக்குத் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும், நம்முடைய பெயர் பின்னுக்கு வரும். கனடாவுக்கு வந்தபோது அதை யார் யாரோ தங்களுக்கு விளங்கியபடி எழுதினார்கள். 1995 ஆம் ஆண்டு வழக்கில் என் பெயர் முன்பின் மாறி இருந்தது. 1996 ஆம் ஆண்டு வழக்கில் ஒரு ‘எச்’ எழுத்துக் குறைந்திருந்தது. படிவம் நீங்கள் பயன்படுத்திய வேறு பெயர்கள் எவை என்று கேட்கிறது. இந்த எழுத்து மாற்றங்கள் எல்லாவற்றையும் அங்கே எழுதினேன். எழுதாமல் விட்டால் ஒளித்தது போலாகும், எழுதினால் பல பெயரில் திரிந்தவனைப் போலத் தெரியும் என்று பயந்து, ஒரு பக்கத்தில் தமிழ்ப் பெயர் முறையை விளக்கி அதையும் இணைத்தேன். அந்தப் பக்கத்தை என்னைக் கேட்ட மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீதிமன்ற ஆவணங்களில் ஒன்று கிடைத்தது. மற்றது, வைத்திருக்கும் காலம் முடிந்து அழிக்கப்பட்டுவிட்டது என்று தெரியவந்தது. இப்படி ஆனால் பயப்பட வேண்டாம். ஆவணம் இல்லை என்று நீதிமன்றமே தரும் கடிதத்தை அதற்குப் பதிலாக இணைக்கலாம். ஆர்.சி.எம்.பி. சான்றிதழ் பதினைந்து மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பதிவு இல்லை என்று வரும் சான்றிதழைப் பார்த்துவிட்டு, அப்படியானால் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தால் அதுவே பொய்யாகிவிடும். அவர்களிடம் இருக்கிறது, நாம் சொல்லியே ஆக வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது தன்னிலை விளக்கம். ஒவ்வொரு கைதையும், எப்போது, எங்கே, எப்படி, என்ன தண்டனை என்று கையெழுத்திட்டு எழுதவேண்டும். அதன்பிறகு எப்படி மாறினோம் என்பதையும் எழுதவேண்டும். முகவரிடம் முன்பு ஒரு மாதிரிக் கடிதம் இருந்தது. போரினால் பாதிக்கப்பட்டு, கூடாத நண்பர்களின் சேர்க்கையால் தவறு செய்துவிட்டேன் என்று அதில் இருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் எல்லாருக்கும் பொருந்தும். அதைச் சட்டத்தரணியிடம் காட்டியபோது, இதைப் படிக்கும் அதிகாரி இதே கடிதத்தை எத்தனை தடவை படித்திருப்பார் என்று கேட்டார். அதைக் கிழித்துவிட்டு, முதலில் தமிழில் எழுதினேன். கொப்பித் தாளில் ஒன்பது பக்கம் வந்தது. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்ற நெருக்குதல் இருந்தது உண்மை. ஆனால் அதே நெருக்குதலோடு, அதே வீட்டின் நிலவறையில் என்னோடு படுத்திருந்த ஐந்து பேர் ஒரு சதமும் களவெடுக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் எழுதினேன். என் மகள் அதை ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்தாள். அவளுக்கு இந்தக் கதை அன்றைக்குத்தான் முழுமையாகத் தெரியும். மூன்று மாலை நேரங்கள் அவளும் நானும் சாப்பாட்டு மேசையில் இருந்து அதைச் செய்தோம். ஒரு வசனத்தையும் அவள் மென்மையாக்க முயலவில்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

இந்த விளக்கத்தை எழுதுவதற்குச் சட்டத்தரணி எனக்கு ஓர் அடிப்படையையும் சொல்லித்தந்திருந்தார். 1978 இல் அமெரிக்கக் குடிவரவு மேன்முறையீட்டுச் சபை, ‘ஹ்ராங்கா’ என்ற வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. அமெரிக்காவிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு கனடியப் பெண், உறவினரைப் பார்க்கவும் பொழுதுபோக்காகச் சென்று வரவும் விலக்குக் கேட்டிருந்தார். அந்தத் தீர்ப்பில் மூன்று விடயங்களை எடைபோடச் சொன்னார்கள்: இவரை அனுமதித்தால் சமூகத்துக்குத் தீங்கு வருமா, முன்பு செய்த மீறல் எவ்வளவு பாரதூரமானது, எதற்காக வர விரும்புகிறார். இவற்றில் மூன்றாவதைப் பற்றிச் சபை சொன்னதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது: காரணம் மிகப் பெரிதாகவோ தவிர்க்கமுடியாததாகவோ இருக்கவேண்டிய அவசியமில்லை. அந்தத் தீர்ப்பை அறியும்வரை, அக்காவைப் பார்ப்பது ஒரு காரணமா என்று நான் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். இல்லாத வருத்தத்தை உண்டாக்கி மருத்துவக் கடிதம் வாங்கலாம் என்று யோசனை சொன்னவர்களும் இருந்தார்கள். என் விண்ணப்பத்தில், அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது, எனக்கு உயிரோடிருக்கும் ஒரே சகோதரம் அவர், அவருடைய பேரப்பிள்ளையை நான் இன்னும் தூக்கவில்லை என்று மட்டும் எழுதினேன். வேலைத்தலத்திலிருந்தும், பல வருடமாக நான் சமையலில் உதவும் கோயிலிலிருந்தும் கடிதங்கள் இணைத்தேன். வருமான வரி மதிப்பீடுகள், வீட்டு அடமானப் பத்திரம் ஆகியவற்றையும் ஏற்றினேன்.

விண்ணப்பத்தை அனுப்பியபின் 45 நாட்களுக்குள், இதற்கென ஒதுக்கப்பட்ட எல்லை அலுவலகங்களில் ஒன்றுக்குப் போய்க் கைரேகையும் படமும் கொடுக்கவேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். இதற்காக மறுபடியும் அதே பாலத்தின் பக்கம் போகவேண்டியிருந்தது. ஓட்டுவளையத்தைப் பிடித்த கை வியர்த்தது. அன்றைக்கு வேலை அரை மணிநேரத்தில் முடிந்தது. முடிவெடுப்பவர்கள் எல்லையில் இருப்பவர்கள் அல்லர். விண்ணப்பங்கள் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் ஒரு தனி அலுவலகத்துக்குப் போகின்றன. அதன்பிறகு காத்திருப்பதைத் தவிர நாம் செய்ய ஒன்றுமில்லை. எனக்கு ஐந்து மாதமும் சில நாட்களும் எடுத்தது. எத்தனை நாளில் முடிவு வரும் என்ற உறுதி எதையும் தளம் தருவதில்லை. கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா என்று நாள் குறித்துவிட்டு அதற்காக விண்ணப்பிப்பவர்கள் ஏமாறக்கூடும் என்பதால், தேவை வருவதற்கு ஒரு வருடம் முன்னரே தொடங்குவது நல்லது. பணத்துக்கு அடுத்ததாக நான் மதிப்பெண் குறைப்பது இந்தத் திகதியில்லாத காத்திருப்புக்குத்தான்.

2023 ஒக்டோபரில் அனுமதி வந்தது. விலக்கை ஐந்து வருடம் வரைக்கும் கொடுக்கலாம். சிலருக்கு ஒரு வருடம் மட்டும் கொடுப்பார்கள். எனக்கு ஐந்து வருடம். அந்தக் கடிதத்தை அச்செடுத்து, சட்டத்தரணி சொன்னபடி ஒவ்வொரு தடவையும் கொண்டுபோகிறேன். அது இருந்தாலும் நுழையும் உரிமை கிடைத்துவிட்டதாக எண்ணக்கூடாது. வாசலில் நிற்கும் அதிகாரி மற்ற எல்லாக் கேள்விகளையும் கேட்கலாம், வேறு காரணம் இருந்தால் மறுக்கவும் செய்யலாம்.

டிசம்பரில் போனோம். சாவடியில், கேட்பதற்கு முன்னரே, முன்பு இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டேன், இப்போது விலக்கு இருக்கிறது என்று சொல்லிக் கடிதத்தை நீட்டினேன். உள்ளே போகச் சொன்னார்கள். அதே மாதிரியான வெளிச்சம், அதே மாதிரியான கதிரைகள். மனைவி என் கையைப் பிடித்தபடி இருந்தார். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு பெயரைக் கூப்பிட்டு, எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், திரும்பி எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்று கேட்டு, ஆறு டொலர் வாங்கிக்கொண்டு வருகைப் பதிவைச் செய்து கடவுச்சீட்டைத் தந்தார்கள். பஃபலோவைத் தாண்டி முதலாவது ஓய்விடத்தில் நிறுத்தி அக்காவுக்கு எடுத்தேன். “எந்தப் பக்கம் நிக்கிறாய், தம்பி?” என்று கேட்டார். “உங்கட பக்கம்தான், அக்கா” என்றேன். இரண்டு பேருக்கும் அதற்குமேல் பேச வரவில்லை.

சேவைக்கு மதிப்பெண் தருவதானால், ‘ஈ-சேஃப்’ தளத்துக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். ஒரு மணிநேரம் பேசிய சட்டத்தரணிக்கு ஐந்தும் தருவேன். முகவருக்கு நான் மதிப்பெண் இடப்போவதில்லை. ஆனால் உங்களுக்கு முன்னால் இருப்பவர் எல்லையில் தந்த தாளைக் கேட்காமல் கட்டணத்தைச் சொன்னால், அல்லது நூற்றுக்கு நூறு எடுத்துத் தருகிறேன் என்று உறுதி கூறினால், எழுந்து வந்துவிடுங்கள். அந்தத் தாள் தொலைந்துவிட்டது என்றால், அமெரிக்காவின் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் உங்களைப் பற்றி எல்லைப் பிரிவு வைத்திருக்கும் பதிவை இணையத்தில் கேட்டுப் பெறலாம். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரியாமல் விண்ணப்பத்தைத் தொடங்கவேண்டாம்.

என்னுடைய விலக்கு 2028 ஒக்டோபரில் முடிகிறது. அதைப் புதுப்பித்துத் தரமாட்டார்கள். மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், புதிய கைரேகைச் சான்றிதழ் எடுக்க வேண்டும், அப்போதைய கட்டணத்தைச் செலுத்த வேண்டும். நீதிமன்றப் பிரதி, ஆவணமில்லை என்ற கடிதம், பெயர் விளக்கப் பக்கம், தன்னிலை விளக்கம் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். 2027 இலையுதிர் காலத்தில் அதை எடுக்கும்படி மகளின் நாட்காட்டியிலும் எழுதியிருக்கிறது.